தோட்டத்துக் கிணறா, நீச்சல் குளமா: பிள்ளைக்கு நீச்சல் எங்கே கற்பிப்பது?

பள்ளித் தேர்வுகள் முடிந்த ஏப்ரல் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் தொடங்கியது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு வயது, இருவருக்கும் நீந்தத் தெரியாது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான் பழகியதைப் போலவே பேரப்பிள்ளைகளும் பழகட்டும் என்பது என் அப்பாவின் எண்ணம். "கெணத்துல தண்ணி கெடக்கறப்பக் காசு கட்டியா நீச்சப் பழகோணும்?" என்று அவர் கேட்டார். ஈரோட்டில் நாங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து இருபது நிமிடத் தொலைவில் உள்ள பயிற்சி நீச்சல் குளத்தில் சேர்க்கலாம் என்றாள் மனைவி. பவானி ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் விட்டால் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள் என்றார் மைத்துனர். அம்மாவுக்கு மூன்றிலும் உடன்பாடு இல்லை. "தண்ணிப் பக்கமே உட வேண்டாங் கண்ணு" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

இந்த நான்கு வழிகளையும் நான் எடைபோட்டுப் பார்த்த விதத்தை இங்கே எழுதுகிறேன். எங்கே சீக்கிரம் பழகலாம், எங்கே செலவு குறைவு என்பவைதாம் இத்தகைய பேச்சில் முதலில் எழும் கேள்விகள். எனக்கு அவற்றைவிட வேறொரு கேள்வி முந்தி நின்றது. பழகும்போது பிள்ளை மூழ்கிவிட்டால் அதைக் கண்ணால் காணவும், மேலே தூக்கவும், மூச்சுக் கொடுக்கத் தொடங்கவும் அந்த இடம் எவ்வளவு நேரம் தரும்? மூச்சு நின்றபின் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை சேதமடையத் தொடங்கிவிடுகிறது. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சை இழுக்கவே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னுக்குச் சாய்ந்து, கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தியபடி இருக்க, பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டாகவே தோன்றும். சிறு பிள்ளைகள் அப்படி அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் உள்ளே போய்விடலாம்.

அம்மாவின் வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்பற்றுவது அதைத்தான். நான்கு, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது முற்றிலும் சரி. அந்த வயதில் நீச்சல் வகுப்பு காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், தொட்டிக்கு மூடி, பக்கத்திலேயே ஒரு பெரியவர் என்பவைதாம் காப்பு. தவழும் குழந்தைக்குக் குளியலறை வாளியில் உள்ள தண்ணீரே போதும். ஆனால் ஆறு, ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையைத் தண்ணீரிலிருந்து விலக்கிவைப்பது நம் கையில் இல்லை. சுற்றுலா, திருவிழா, உறவினர் வீடு, நண்பர்களோடு ஒரு மதியம் என்று நாம் இல்லாத இடத்தில்தான் அது தண்ணீரைச் சந்திக்கிறது. 2022 ஜூன் மாதம் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்துக்கு அருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற ஏழு பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் கரூர் மாவட்டம் மாயனூரில், கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் நால்வர் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். இந்தப் பதினொரு பேரும் சிறுமிகளும் இளம்பெண்களுமே என்பதை நான் கவனிக்காமல் விட முடியவில்லை. ஆண் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்கிப் பழக்கிய அதே ஊர்களில், பெண் பிள்ளைகளைக் கிணற்று மேட்டில் அண்ணன் தம்பியின் துணிக்குக் காவலாக உட்காரவைத்தார்கள். என் அக்காவுக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதே நிறுவனம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும் பாதுகாப்பான மீட்பு முறையையும் கற்பிக்கச் சொல்கிறது. நீந்தத் தெரிந்தவனுக்குத் துணிச்சல் கூடி, அதனாலேயே ஆழத்துக்குப் போய் மாட்டிக்கொள்வான் என்ற அம்மாவின் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கே நடந்தது.

கிணற்றைப் பற்றி எழுதும்போது எனக்குப் பாரபட்சம் இல்லாமல் இருக்காது. எட்டு வயதில் மாமா என் முதுகில் காய்ந்த சுரைப்புருடைகள் (சுரைக்குடுக்கைகள்) இரண்டைக் கட்டி, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு என்னை மூன்றாம் படியிலிருந்து தண்ணீருக்குள் விட்டார். "கால ஒதறுடா மாப்ள, கை தானா வரும்" என்பதைத் தவிர வேறு பாடம் இல்லை. ஏழாம் நாள் ஒரு புருடையை எனக்குத் தெரியாமலே அவிழ்த்துவிட்டிருந்தார். அரைக் கிணறு தாண்டிய பிறகுதான் அது படியில் கிடப்பதைப் பார்த்தேன். இப்போது புருடைக்குப் பதில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கட்டுகிறார்கள், முறை மாறவில்லை. இந்த முறையில் நீச்சல் குளங்களுக்கு வாய்க்காத இரண்டு நல்ல கூறுகள் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு இங்கே இயல்பாகவே அமைந்துவிடுகிறது, அந்தப் பெரியவரின் கையில் கயிறும் இருக்கிறது. அடுத்தது, கால் தரையைத் தொடும் என்ற எண்ணமே கிணற்றில் எழுவதில்லை. ஆகவே தண்ணீர்தான் தன்னைத் தாங்கவேண்டும் என்பதை உடல் முதல் நாளிலேயே ஒத்துக்கொள்கிறது. கிணற்றில் பழகியவன் ஆழத்தைப் பார்த்து மிரளுவதில்லை.

ஆனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோலில் கிணறு தோற்றுவிடுகிறது. எங்கள் கிணறு அறுபது அடி ஆழம். மழைக்காலத்தில் தண்ணீர் கைக்கெட்டும் தொலைவில் நிற்கும், பிள்ளைகளுக்கு விடுமுறை விடுகிற மே மாதத்திலோ முப்பது அடிக்கும் கீழே இறங்கிவிடும். சுவரில் துருத்தி நிற்கும் கற்படிகளுக்குக் கைப்பிடி கிடையாது, கீழ்ப்படிகளில் பாசி. தண்ணீர் பச்சையாக இருப்பதால் இரண்டு முழத்துக்குக் கீழே போன பிள்ளை கண்ணுக்குத் தெரியாது, கயிறு இல்லையென்றால் தடவித்தான் தேடவேண்டும். சரி, தேடி எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒருநாள் சாயங்காலம் இருபது கிலோ மாட்டுத்தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அடிப்படியிலிருந்து மேலே ஏறிப் பார்த்தேன், ஒரு நிமிடம் நாற்பது நொடி ஆயிற்று. மூட்டை நனைந்திருக்கவில்லை, நானும் பதற்றத்தில் இல்லை, எத்தனை மணிக்கு ஏறப்போகிறேன் என்பதும் முன்பே தெரியும். நினைவிழந்த பிள்ளையோடு ஏறுவதற்கு இதைப்போல் இரண்டு மடங்கு ஆகும் என்றே கணக்கு வைக்கவேண்டும். அந்த நேரம் முழுவதும் மூச்சுக் கொடுக்க வழியில்லை, படியில் நின்றபடி நெஞ்சை அழுத்தவும் முடியாது. மேலே வந்த பிறகும் தார்ச்சாலைக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் மண்தடம் இருக்கிறது. 108 வண்டி அதில் தட்டுத்தடுமாறித்தான் வரும். இதோடு நீர்மூழ்கி மோட்டாரின் ஒயரில் கசிவு இருந்தால் தண்ணீரிலேயே மின்சாரம் பாயும் ஆபத்தும் உண்டு. யாராவது கிணற்றில் இறங்கும் முன் சுவிட்சை மட்டும் அணைக்காமல் ஃபியூஸையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அப்பாவின் வழக்கம், அதை நான் எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடக்கும் கிணறுகள் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராதவை. அவற்றில் நச்சுக்காற்று தேங்கியிருக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இறங்கக் கூடாது.

நீச்சல் குளம் தரும் மிகப் பெரிய நன்மை அதன் நீலத் தண்ணீரோ பயிற்சியாளரின் விசிலோ அன்று. அடித்தளம் தெரிகிறது என்பதே. மூன்றரை அடித் தண்ணீரில் தரையில் கிடக்கும் பிள்ளையை ஒரே குனிவில் தூக்கி விளிம்பில் கிடத்தி, ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்கிவிடலாம். கிணற்றில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடிய வேலை இங்கே ஒரே நிமிடத்தில் முடிகிறது. அச்சம் மிகுந்த பிள்ளைக்குக் கால் ஊன்றி நிற்க இடம் இருப்பதும், மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக் குமிழி ஊதிப் பழகுவதில் தொடங்கிப் படிப்படியாகப் போக முடிவதும் இதோடு சேர்ந்த வசதிகள்.

இந்த நன்மை அனைத்தும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நன்மை. சேர்ப்பதற்கு முன் நாங்கள் பார்க்கப் போன முதல் குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சியாளர் இருந்தார். அவர் ஒரு பெற்றோரிடம் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற ஒரு சிறுவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆழமான பக்கத்துக்கு ஒவ்வோர் அடியாக நகர்ந்துகொண்டிருந்தான். நீச்சல் குளத்தின் தரை சரிவாகப் போகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது, இடையில் ஓரடியில் கால் எட்டாமல் போய்விடும். அன்று இன்னொரு பிள்ளையின் தாய் கத்தியதால் அவனை இழுத்துவிட்டார்கள். தண்ணீரும் கலங்கலாக இருந்தது. ஆழமான பக்கத்தின் தரையில் போட்டிருக்கும் கறுப்புக்கோடு கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியாத குளத்தில், அடித்தளம் தெரியும் என்ற மேற்சொன்ன நன்மையே இல்லாமல் போய்விடுகிறது. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவது குளத்தில் கற்பிப்பவர் வேறு, கரையில் நின்று காவல் காப்பவர் வேறு. ஆறேழு பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர். ஆழமான பகுதியைப் பிரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். நீளமான கழியும் மிதவை வளையமும் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கின. மூச்சும் இதயமும் நின்றவருக்கு முதலுதவி செய்யத் தெரிந்தவர் யார் என்று கேட்டதற்கு மேலாளர் சற்றும் யோசிக்காமல் இருவரைக் கைகாட்டினார். காலை வேளையில் பெண்களுக்கான தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் இருந்தது, மகளைச் சேர்ப்பதில் வீட்டில் மிச்சமிருந்த முணுமுணுப்பையும் அடக்கிவிட்டது. கட்டணம் முதல் குளத்தைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் எதற்குப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

குளத்துக்கு ஒரு குறை உண்டு, அதை அங்கே இருப்பவர்கள் சொல்லமாட்டார்கள். கோடைக்காலப் பன்னிரண்டு நாள் வகுப்பின் முடிவில் பெற்றோர் எதிர்பார்ப்பது பிள்ளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்க் காட்டுவதை. ஆகவே கிக்போர்டு என்ற மிதவைப் பலகையைப் பிடித்துக் கால் உதைப்பதும், ப்ரீஸ்டைல் கைவீச்சும் முதலில் வருகின்றன. மல்லாந்து அசையாமல் மிதப்பதற்கு ஒரு நாளோ அரைநாளோதான் கிடைக்கிறது. உயிரைக் காப்பது எது என்று கேட்டால், எனக்கு ப்ரீஸ்டைல் இரண்டாம் இடத்தில்தான் வரும். தலை மூழ்கும் ஆழத்தில் விழுந்து மேலே வருவது, மல்லாந்து திரும்பி ஒரு நிமிடம் மூச்சுவிட்டபடி கிடப்பது, கரை எந்தப் பக்கம் என்று பார்த்துத் திரும்புவது, ஓர் இருபத்தைந்து மீட்டர் எப்படியாவது நகர்வது, ஏணி இல்லாத இடத்தில் ஏறி வெளியே வருவது: இந்த ஐந்தையும் நீச்சல் உடையில் மட்டும் செய்யாமல் அன்றாட உடையிலும் செய்ய முடியவேண்டும். சுடிதார் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், துப்பட்டா கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். நம் பெண்கள் யாரும் நீச்சல் உடையோடு ஆற்றில் தவறி விழுவதில்லை. இதைக் கற்பிப்பீர்களா என்று கேட்டபோது இரண்டாவது குளத்தின் பயிற்சியாளர் முதலில் சிரித்தார். கடைசி இரண்டு நாட்களை அதற்கு ஒதுக்க ஒத்துக்கொண்டார், துவைத்த உடையோடு வரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

மைத்துனரின் பவானி ஆற்றுக்கு வருகிறேன். பத்தொன்பது வயதில், கிணற்றை எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றிவரும் நீச்சல்காரனாக இருந்த நான், நண்பர்களோடு குளிக்கப் போய் நடு ஆறு வரை நீந்திவிட்டு, துணி வைத்திருந்த படித்துறையை நோக்கித் திரும்பினேன். பத்து நிமிடம் நீந்தியும் படித்துறை கிட்டே வரவில்லை, தள்ளித்தான் போயிற்று. சாதாரணமாக நீந்துகிற ஒருவர் ஒரு நொடிக்கு ஒரு மீட்டர்கூடக் கடப்பதில்லை. ஆறு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினாலே அவர் நின்ற இடத்துக்கு வர முடியாது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும். கிணற்றுத் தண்ணீர் இதில் எதையும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. "எதுத்து நீந்தாதீங்க தம்பி, போற போக்குலயே கரைக்கு வாங்க" என்று ஒரு பரிசல்காரர் கத்தியிராவிட்டால் கை ஓய்ந்திருக்கும். ஓட்டத்தோடு சாய்வாகப் போய், வெகுதூரம் தள்ளி ஒரு நாணல் புதரைப் பிடித்துக் கரையேறினேன். அம்மாவுக்கு இந்தக் கதை இதுவரை தெரியாது.

முழங்கால் அளவுத் தண்ணீர் என்று மைத்துனர் சொல்வது அன்றைய நாளுக்கு உண்மையாக இருக்கலாம். மணல் அள்ளிய குழி அடுத்த அடியில் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும். தடுப்பணைக்குக் கீழே விழும் தண்ணீர் ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்து உருட்டும். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போட்ட இடங்களில் இன்னும் மோசம், சரிவில் ஓட்டத்தோடு போகும்போது பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது. ஓடும் தண்ணீரில் இன்னொரு கொடுமையும் உண்டு, காப்பாற்றப் போகிறவரையும் சேர்த்து அது எடுத்துக்கொள்கிறது. இது ஆற்றோடு நிற்பதும் இல்லை. 2023 ஏப்ரலில் சென்னை மூவரசம்பட்டுக் கோயில் குளத்தில் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். ஒருவர் மூழ்க, மற்றவர்கள் அவரை மீட்க முயன்றதில் நேர்ந்தது அது. கெடிலத்திலும் அப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஆகவே ஆற்றையும் வாய்க்காலையும் கற்கும் இடமாக நான் ஏற்கவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த பிறகு, கரையில் நின்று அவற்றைப் படிக்கவேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊர்க்குளமும் குட்டையும் என்னவாயிற்று என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சேறு காலைப் பிடிக்கிற, வண்டல் அள்ளிய பள்ளம் எங்கே என்று தெரியாத நீர்நிலை அப்படியே இருக்கும்வரை அதுவும் ஆற்றைப் போலத்தான். ஆனால் வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் தளமும் தடுப்பும் கட்டி, அதற்குள் பிள்ளைகளை இறக்கிப் பெரிய அளவில் நீச்சல் கற்பித்திருக்கிறார்கள். 25 மீட்டர் நீந்துவது, 30 நொடி மிதப்பது, கரையிலிருந்தபடியே கழி நீட்டி அடுத்தவரை மீட்பது ஆகியவை அங்கே தேர்ச்சிக்கான அளவு. நீச்சல் குளம் இல்லாத ஊரில் ஊராட்சி மனது வைத்தால் செய்யக்கூடிய காரியம் இது. பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. நனைந்த தாள் எண்ணெய் தடவியதைப் போல வழுக்கும், நீந்தத் தெரிந்தவரும் கரை ஒரு முழத்தில் இருந்தும் ஏற முடியாமல் களைத்துப்போவார். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் குட்டையில் நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிடச் சொல்லி அப்பாவை அனுப்பினோம், அவர்கள் இரண்டு பக்கம் மட்டும் கட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் மே மாதம் இரண்டு பிள்ளைகளும் நீச்சல் குளத்தில் பன்னிரண்டு நாள் போனார்கள். மகள் மிதக்கப் பழகிவிட்டாள், சுமாராக நீந்துகிறாள். மகனுக்கு இன்னொரு சுற்று தேவைப்படுகிறது, அவனுக்கு அவசரமும் இல்லை. கிணற்றை நாங்கள் கைவிடவில்லை, இரண்டாம் பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டோம். சுவரையும் தரையையும் நம்பிப் பழகிய பிள்ளை, அடி தெரியாத பச்சைத் தண்ணீரில் இடுப்பில் கயிறோடும் பக்கத்தில் ஒரு பெரியவரோடும் பழகவேண்டும் என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகு, தண்ணீர் மேலேறி வந்து படிகளின் எண்ணிக்கை குறைந்த பின்தான் இறக்குவது என்று முடிவு செய்தோம். அதற்குள் வீட்டில் பெரியவர்கள் நால்வரும் முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தோம். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தை வீணாக்கும் என்று அங்கே சொன்னார்கள். மூச்சு இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கவேண்டும். பிறகு முப்பது முறை நெஞ்சை அழுத்தி இரண்டு மூச்சு என்று உதவி வரும்வரை விடாமல் செய்யவேண்டும். அப்பா முதல் நாள் பொம்மையைத் தொட மறுத்தார். அடுத்த நாள் அவர்தான் அதிக நேரம் அழுத்தினார்.

மோட்டார் ரூம் சுவரில் இப்போது ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருபது மீட்டர் கயிற்றோடு ஆணியில் தொங்குகிறது. எறியும்போது தூரம் போவதற்காகக் கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியிருக்கிறோம். யாராவது மூழ்கினால் குதிக்கக் கூடாது, இதைத்தான் எறியவேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்து, களத்தில் ஒரு வாழைமட்டையைக் குறியாக வைத்துப் பழக்குகிறோம். முதல் இரண்டு வீச்சும் பாதித் தூரத்தில் விழுந்தன. மூன்றாவது வீச்சில் கேன் மட்டையைத் தாண்டிப் போயிற்று, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்ள மறந்ததால் அதுவும் கூடவே போய்விட்டது.